சர்வர் வைக்க மலிவான நகரம் எது?

கணக்குப் புத்தகம், மாணவர் பதிவேடு, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பற்று, பத்திரிகைகளின் பழைய ஏடுகள் ஆகிய எல்லாம் இந்நாளில் காகிதத்தை விட்டு நீங்கி, சர்வர் என்னும் யந்திரத்தினுள் குடியேறிவிட்டன. காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதும். சர்வரோ அங்ஙனம் அடங்கிக் கிடப்பதன்று. அதற்கு இரவு பகல் இடையறாத மின்சாரம் வேண்டும். அது கக்கும் உஷ்ணத்தைத் தணிக்கக் குளிர்காற்று வேண்டும். வெளியுலகுடன் பேச வேகமான கம்பி வேண்டும். தக்க காவலும் வேண்டும். இவ்வளவையும் ஒரு சிறு ஸ்தாபனம் தன் சொந்தக் கட்டடத்தில் அமைத்துக்கொள்ள முற்பட்டால், சர்வரின் விலையினும் பன்மடங்கு செலவாகும். ஆதலின், பெரிய டேட்டா சென்டர் ஒன்றில் இடத்தை வாடகைக்கு எடுத்து, தம்முடைய யந்திரத்தை அங்கே கொண்டுபோய் வைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இதனைக் கோலொகேஷன் என்பர். யந்திரம் நம்முடையது, இடமும் மின்சாரமும் குளிர்ச்சியும் காவலும் அவர்களுடையவை.

இவ்வாறு இடந்தேடும் கல்லூரிகளும் சங்கங்களும் சிறு வியாபாரிகளும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த நகரத்தில் வாடகை மலிவு? கேள்வி நியாயமானது. அங்கத்தினர் பணத்தையும் பொதுப் பணத்தையும் செலவிடுவோர் காசுக்குக் காசு கணக்குப் பார்ப்பது கடமையேயாகும். ஆனால், வாடகைப் பட்டியலை மட்டும் பார்த்து அக்கேள்விக்கு விடை கூறுவோர் ஏமாந்தே போவர் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அதன் காரணங்களைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது இவ்விஷயத்திற்கு மிகப் பொருந்தும். டேட்டா சென்டரில் ராக் என்னும் இரும்பு அடுக்கு ஒன்றின் வாடகை சுண்டைக்காய். அது உண்ணும் மின்சாரமே சுமைகூலி. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ராக்கில் உள்ள யந்திரங்கள் 4 கிலோவாட் மின்சாரத்தை ஓயாது இழுப்பதாக வைத்துக்கொண்டால், 30 நாளில் 2,880 யூனிட் செலவாகும். இதனோடு முடிந்ததா? குளிர்சாதன யந்திரங்களும், பாட்டரிகளும், விளக்குகளும் உண்ணும் மின்சாரமும் நம் தலையிலேயே வந்து விழும். சர்வர் உண்ணும் 1 யூனிட்டுக்குக் கட்டடம் முழுவதும் எத்தனை யூனிட் உண்கிறது என்பதைப் பி.யூ.இ. என்ற அளவால் குறிக்கிறார்கள். அவ்வளவு 1.5 என்றிருக்கும் கட்டடத்தில் நம் 2,880 யூனிட் 4,320 ஆகிறது, 1.8 என்றிருக்கும் கட்டடத்தில் 5,184 ஆகிறது. யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் என்று கொண்டால், முன்னதில் மாதம் 34,560 ரூபாய். பின்னதில் 41,472 ரூபாய். வித்தியாசம் 6,912 ரூபாய். பின்னைய கட்டடத்தார் ராக் வாடகையில் 5,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு, "எம்மைப் போல் மலிவு எவரும் இலர்" என்று விளம்பரம் செய்தாலும், மாதந்தோறும் 1,912 ரூபாய் நமக்கு நஷ்டமே!

ஆதலின், நகரத்தைத் தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. அந்நகரில் அத்தொழிலுக்கு மின்சாரத்தின் விலை என்ன? கட்டடத்தின் பி.யூ.இ. எவ்வளவு? நாம் ஒப்புக்கொண்ட அளவிற்குப் பணமா, மீட்டரில் ஓடிய அளவிற்குப் பணமா? இம்மூன்றுக்கும் எழுத்து மூலமாக விடை தராத இடத்தில் வாடகையைப் பற்றிப் பேசுவதே வீண்.

கம்பி செல்லும் வழி

மின்சாரத்திற்கு அடுத்தபடி கம்பி. கடலடிக் கம்பிகள் கரையேறும் நகரங்களிலேயே டேட்டா சென்டர்கள் பெருகுகின்றன. இது புதிய செய்தியன்று. 1870-இல் மும்பையிலிருந்து ஏடன் வழியாகச் சூயெஸுக்குத் தந்திக் கம்பி கடலடியில் இடப்பட்டது. அடுத்து, சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு மற்றொரு கம்பி சென்றது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்த இரு வாசல்களே இந்நாட்டின் பெரிய வாசல்களாக விளங்குகின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ என்னும் ஒளிக்கம்பி 2002-இல் திறக்கப்பட்டது. அந்தமான் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி 2020 ஆகஸ்டில் சேவைக்கு வந்தது.

மேற்கு வாசல் ஒன்றையே நம்பியிருப்பதில் உள்ள அபாயத்தை நாடு பலமுறை கண்டிருக்கிறது. 2008 ஜனவரியில் எகிப்து நாட்டு அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகே கம்பிகள் அறுந்தபோது, ஐரோப்பாவை நோக்கிய நம் போக்குவரத்தில் பெரும்பகுதி தடைப்பட்டது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கம்பிகள் அறுந்தபோதும் இந்நாட்டில் வேகம் குன்றியது. அத்தகைய வேளைகளில் கிழக்கு நோக்கிச் சிங்கப்பூர் வழியாகச் செல்லும் பாதை எத்துணைப் பயன் தரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

தூரத்திற்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு ஆகும். கம்பி வளைந்து வளைந்து செல்வதால் அது மேலும் கூடும். பங்கு மார்க்கெட்டில் வியாபாரம் செய்வோருக்கு இது ஜீவாதாரமான விஷயம். அவர்கள் மும்பையை விட்டு அகல இயலாது. ஒரு கல்லூரிக்கோ, பத்திரிகைக்கோ, கூட்டுறவுச் சங்கத்திற்கோ இத்தாமதம் பொருட்படுத்தத் தக்கதன்று. தமக்கு வேண்டாத வேகத்திற்காக மும்பையின் விலையைக் கொடுப்பவர்கள் பிறருடைய சுமைக்குக் கூலி கொடுப்பவர்களே.

நகரங்களை நிறுத்துப் பார்த்தல்

இந்நாட்டு டேட்டா சென்டர்களின் மொத்தத் திறனில் ஏறக்குறையப் பாதி மும்பையிலும் அதனை அடுத்த நவி மும்பையிலும் இருக்கிறது. வங்கிகளும் பங்கு மார்க்கெட்டும் அங்கே. மேற்குக் கடற்கம்பிகள் அங்கே. போட்டியும் அங்கே மிகுதி. ஆனால் நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கிறது. ஆபத்தும் இல்லாமலில்லை. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தா குரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நகரம் முழுவதும் மின்சாரம் நின்றதையும் அந்நகரத்தார் மறந்திரார்.

சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி முதலிய இடங்களில் பல கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் நடைபெறுகின்றன. மும்பையை நோக்க நிலம் மலிவு. கடற்கம்பி உண்டு, பல கம்பெனிகளின் போக்குவரத்தைக் கைமாற்றும் நிக்ஸி என்னும் பரிமாற்ற நிலையமும் உண்டு. ராஜ்ய சர்க்கார் 2021-இல் டேட்டா சென்டர்களுக்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. இவை சென்னையின் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தையும் மறைக்கலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தொழிலாளர்கள் அச்சகத்தை அடைய முடியாமற்போனதால், 1878-இல் தோன்றிய 'ஹிந்து' பத்திரிகை டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. 2016 டிசம்பரில் வார்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் புகுந்தது. இவற்றுக்கு நேர்மாறாக, 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவர நேரிட்டது. நீரைக் கொண்டு குளிரூட்டும் கட்டடத்திற்கு வறட்சியும் வெள்ளத்தைப் போன்றதொரு விபத்தே.

ஹைதராபாத் தக்காண பீடபூமியில் உள்ளது. கடற்புயல் அதை நேரே தாக்காது. நில நடுக்க அபாயமும் குறைவு. ஆனால் கடல் வாசல் கிடையாது; வெளிநாட்டுப் போக்குவரத்திற்கு மும்பையையோ சென்னையையோ நாட வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால் காற்றே குளிர்ச்சி. குளிர்சாதனச் செலவு குறையும். எனினும், 2024 மார்ச்சில் அந்நகரம் தண்ணீருக்குப் பட்ட பாட்டை நாடு அறியும். நொய்டா தில்லியின் வாசலில் இருக்கிறது. வடநாட்டு வியாபாரத்திற்கு உகந்தது. நில நடுக்க அபாயம் தென்னாட்டைக் காட்டிலும் அங்கு அதிகம். விசாகப்பட்டினத்தில் 5 ஆண்டுகளில் சுமார் 1,500 கோடி டாலர் முதலிடப் போவதாக கூகிள் கம்பெனி 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆனால், மலைபோன்ற கம்பெனி தனக்கென எழுப்பும் மாளிகையில் சிறு குடித்தனக்காரருக்கு இடம் கிடைக்கும் என்று எண்ணி இன்றே தீர்மானம் செய்தல் தகாது.

மலிவு நிலையானதன்று

இன்று மலிவாக உள்ள நகரம் நாளையும் மலிவாக இருக்குமென்பது என்ன நிச்சயம்? அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்தில் குவின்ஸி என்ற சிற்றூர் இருக்கிறது. கொலம்பியா நதியின் அணைகளில் மலிவாக மின்சாரம் கிடைத்ததால், மைக்ரோஸாப்ட் முதலிய கம்பெனிகள் 2007 முதல் அச்சிற்றூரில் போய்க் குடியேறின. நதியும் அணையும் உள்ளூர்ப் பொது மின்சார ஸ்தாபனமும் சேர்ந்து தந்த மலிவு அது, தரகர் தந்ததன்று. இதற்கு மாறாக, அயர்லாந்தின் டப்ளின் நகரைப் பாருங்கள். கம்பெனிகள் வரிச் சலுகையை நாடி அங்கே குவிந்தன. 2023-இல் அந்நாட்டில் மீட்டர் வழி விற்ற மின்சாரத்தில் 100-க்கு 21 பங்கை டேட்டா சென்டர்களே உண்டன. டப்ளின் பிரதேசத்தில் புதிய டேட்டா சென்டர்களுக்கு இணைப்புத் தருவதற்கே மின்சார நிர்வாகம் தடை போட நேர்ந்தது. சிங்கப்பூர் சர்க்காரும் 2019-இல் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்து, 2022-இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் வழிவிட்டது. கூட்டம் கூடிய இடத்தில் மலிவு மறையும் என்பதே இவற்றால் விளங்கும் பாடம்.

ஆதலால், ஒரே நகரத்தில் ஒன்றோடொன்று போட்டியிடும் பல டேட்டா சென்டர்கள் இருத்தல் வேண்டும். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றொருவரிடம் போகும் சுதந்திரம் குடியிருப்போனுக்கு உண்டு. ஒரே கட்டடம் உள்ள ஊரில் முதல் வருஷ வாடகை எவ்வளவு குறைந்திருந்தாலும், மூன்றாம் வருஷம் கட்டடக்காரர் வைத்ததே சட்டம்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

நாம் வக்கீல் தொழிலிலும் பழகியவராதலின், வாசகர்களுக்கு ஒரு யோசனை கூறுவது பொருந்தும். கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் மின்சாரம் நிற்காது என்று எழுதியிருப்பர். கேட்பதற்கு இனிமைதான். கணக்கிட்டால், ஆண்டில் 8 மணி 45 நிமிஷம் நிற்கலாம் என்பது அதன் பொருள்! 99.99 என்றிருந்தால் சுமார் 53 நிமிஷம். அதற்கு மேல் நின்றால் பரிகாரம் என்ன? பெரும்பாலும் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதோடு சரி. உங்கள் நஷ்டத்திற்கு அவர்கள் உத்தரவாதிகள் அல்லர் என்ற ஷரத்து சிறிய எழுத்தில் பின்னால் இருக்கும்.

இன்னும் கவனிக்க வேண்டியவை பல. ஆண்டுதோறும் வாடகை எத்தனை சதவிகிதம் ஏறும்? டீசல் விலை உயர்ந்தால் அது யார் தலையில் விழும்? உங்கள் ராக்கிலிருந்து கம்பிக் கம்பெனியின் ராக்கிற்கு இழுக்கும் ஒரு சிறு இணைப்புக் கம்பிக்கு மாத வாடகை எவ்வளவு? சில அடி நீளமுள்ள இக்கம்பிக்குச் சில இடங்களில் வாங்கும் தொகையைக் கண்டால் பிரமிப்பே உண்டாகும். பாக்கி இருந்தால் உங்கள் யந்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்குப் பாத்தியதை உண்டா? வழக்கு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்? மதுரையிலுள்ள ஒரு சங்கம் தில்லிக் கோர்ட்டில் வழக்காடுவதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், வாடகையில் மிஞ்சியது முழுவதும் ரெயில் சார்ஜுக்கே போதாது.

ஆள் போய்வரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யந்திரத்தில் ஒரு டிஸ்க் கெட்டால் அதை மாற்ற ஒருவர் நேரில் போக வேண்டும். அல்லது டேட்டா சென்டரின் ஆளுக்கு மணிக்கணக்கில் கூலி தர வேண்டும். மதுரைக்காரர் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியலில் சென்னை. வேலையை முடித்துக்கொண்டு மறு இரவு திரும்பலாம். அதே காரியத்திற்கு மும்பை செல்வதானால் ஆகும் நாளையும் பணத்தையும் நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

இரண்டாம் பிரதி

இவை யாவற்றினும் முக்கியமான விஷயத்திற்கு வருவோம். எந்த நகரமும், எந்தக் கட்டடமும் முற்றிலும் க்ஷேமமானதன்று. 2012 அக்டோபரில் ஸாண்டி புயலின்போது நியூயார்க் நகரில் கடல்நீர் நிலவறைகளில் புகுந்து எண்ணெய்ப் பம்புகள் நின்றுபோயின. மாடியில் இருந்த ஜெனரேட்டருக்கு ஊழியர்களும் வாடிக்கைக்காரர்களும் டீசலை வாளிகளில் சுமந்து 17 மாடிகள் ஏற நேர்ந்தது. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கைக்காரர் பலர் தம் உடைமையை அடியோடு இழந்தனர். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள சர்க்கார் டேட்டா சென்டரில் பாட்டரியிலிருந்து தீ மூண்டது. அரசாங்க ஊழியர்கள் தம் அலுவல் பத்திரங்களைச் சேமித்து வைத்திருந்த சுமார் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியில் பிரதி இல்லை! தொழில் நுட்பத்தில் தலைசிறந்த தேசம் அது. சர்க்காரின் சொந்தக் கட்டடம் அது. அங்கேயே இக்கதி என்றால், கடன் பத்திரங்களைக் கணக்கில் வைத்திருக்கும் நம் கிராமச் சங்கத்தின் கதி என்னவாகும்?

நாம் சொல்ல விரும்புவது இதுதான். மலிவான நகரத்தைத் தேடுவதன் பயன் இரண்டாம் பிரதிக்குப் பணம் மிச்சப்படுத்துவதேயாகும். விலையுயர்ந்த ஒரே மாளிகையில் எல்லாவற்றையும் வைப்பவன் செலவாளி. மலிவான ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைப்பவன் சூதாடி. தக்க விலையில் ஓரிடத்தில் சர்வரையும், தூரத்தில் வேறொரு நகரத்தில் அதன் பிரதியையும் வைப்பவனே விவேகி. இவ்விரண்டையும் சேர்த்துக் கூட்டிய தொகையே உண்மையான வாடகை.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், தமிழ்நாட்டிலுள்ள சிறு ஸ்தாபனங்களுக்குச் சென்னையே முதல் இடமாகும். கடல் வாசலும், பரிமாற்ற நிலையமும், போட்டியிடும் பல கட்டடங்களும், ஓரிரவுப் பிரயாண தூரமும் அங்கே ஒருசேர உள்ளன. ஆனால் சென்னை என்று பொதுவாகச் சொல்வதோடு நில்லாது, 2015-லும் 2023-லும் அத்தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது, ஜெனரேட்டரும் எண்ணெய்ப் பம்பும் எந்த மட்டத்தில் உள்ளன, டீசல் எத்தனை மணி நேரத்திற்கு இருப்பு, குளிரூட்டும் நீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பிரதியை ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ வைக்கலாம். பிரதிக்கு வேகம் வேண்டியதில்லை. ஒரு முழு ராக்கும் வேண்டியதில்லை. சில அங்குல உயரமுள்ள இடமே போதும். ஒரே புயலும் ஒரே வெள்ளமும் இரண்டு இடங்களையும் ஒருங்கே தாக்காதிருக்க வேண்டும் என்பதே அதற்குரிய ஒரே நிபந்தனை. அயல்நாட்டில் பிரதி வைக்க எண்ணுவோர் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பணப் பட்டுவாடா சம்பந்தமான விவரங்களை இந்நாட்டிலேயே வைக்க வேண்டுமென்று ரிஸர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

செய்ய வேண்டுவன

தனித்தனியே போய் வாடகை பேசும் சிறியவர்களுக்குப் பேரம் கிட்டாது. 5 கல்லூரிகளோ 10 சங்கங்களோ கூடி ஒரு ராக்கை எடுத்துப் பங்கிட்டுக்கொண்டால், ஒப்பந்தத்தில் நல்ல ஷரத்துக்களைக் கேட்டுப் பெறலாம். சென்னைக்குப் போய்வர ஒரு பொறியாளரைப் பொதுவில் அமர்த்தலாம். கூட்டுறவு என்னும் சொல்லை நாம் மேடைகளில் முழக்கினால் மட்டும் போதுமா? அதற்கு இதைவிடத் தக்க தொழில் வேறென்ன இருக்கிறது?

சர்க்காருக்கும் கடமை உண்டு. டேட்டா சென்டர்களுக்கு நிலச் சலுகையும் வரிச் சலுகையும் தருவது பொதுஜனங்களின் பணத்திலிருந்தே. அச்சலுகையைப் பெறும் கட்டடம் ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரமும் எவ்வளவு நீரும் உண்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென்று நிபந்தனை விதித்தல் அவசியம். சிறு ஸ்தாபனங்களுக்கென ஒரு பகுதி இடத்தை, பகிரங்கமாக அச்சிட்ட விகிதத்தில் ஒதுக்கவும் செய்யலாம். 2019-இல் குடத்தோடு தெருவில் நின்ற ஜனங்கள், தங்கள் ஏரியின் நீர் எவருடைய யந்திரத்தைக் குளிர்விக்கிறது என்று கேட்பதற்குப் பாத்தியதை உடையவர்கள். நகரத்து மாந்தர் தாகத்தால் வாடப் பெறும் மலிவு மலிவாகாது.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள், "இது பொறியாளர் விஷயம், நமக்கென்ன?" என்று இருந்துவிடலாகாது. உங்கள் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் அடுத்த முறை இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நம் கணக்கு எந்த நகரத்தில் இருக்கிறது? அந்நகரம் நாளைக்கே வெள்ளத்தில் மூழ்கினால், அதன் பிரதி எங்கே இருக்கிறது? முதற் கேள்விக்கு விடை தெரிந்து இரண்டாவதற்குத் தெரியாதிருப்பின், வாடகை எவ்வளவு குறைவாயினும் அச்சங்கம் அதிக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றே கொள்க.